கிரீஸுக்கு மேல் பதினோரு அடி

ஐப்பசியில் ஏரி கோடி போன மறுவாரம்
குருநாதன் ஈரோட்டிலிருந்து ஒரு படகு கொண்டுவந்தான்.
செகண்ட் ஹேண்ட். சிவப்பு பிளாஸ்டிக்.
மூக்கில் யாரோ வரைந்த சுறா, பாதிச் சிரிப்பு அழிந்து.
இரண்டு பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்தது.
மூன்று பேர் உட்கார்ந்தோம்.

மேட் வாங்கச் சீட்டுப் போட்ட பணம் அது.
நாலு வருஷம் காய்ந்து கிடந்த ஏரிக்குள்தான்
எங்கள் மைதானம்.
வெடிப்பில் பந்து விழுந்தால் இரண்டு ரன்,
கையைவிட்டு எடுக்கிறவன் தைரியசாலி.
"மேட் விரிக்கறதுக்குத் தரை வேணுமல்ல" என்றான்.
அதிலும் நியாயம் இருந்தது.

துடுப்பு ஒன்றுதான் வந்தது.
மறுபக்கத்துக்கு ஜாபர் பேட்டைக் கொண்டுவந்தான்,
பிடியில் ரப்பர் உரிந்த அதே பேட்.
பூதப்பாடிக்காரர்களுக்கு எதிராக
ஏழு ஓவர் நின்று நாலு ரன் எடுத்தது.
தண்ணீரை மட்டும் சுளுவாக அடித்தது.

கரையில் கடலை வண்டி, செல்போன் தூக்கிய பையன்கள்,
ஞாயிற்றுக்கிழமைக்கென்று வந்த ஒறம்பரை ஜனம்.
தூண்டில்காரர் ஒருவர்
"ஏனுங், மீனெல்லாம் கலையுதுங்" என்று
மரியாதையாக வைதார்.
நாங்கள் கவர்ஸைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

நான் ஸ்கோர் எழுதுகிறவள்.
வாரநாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
சளி, ரத்தம், சிறுநீர்.
ஞாயிறானால் கருவேல மரத்தடியில் ஒரு நாற்காலி,
நாற்பது பக்க நோட்டு, பென்சில்.
அந்த மரம் இப்போது கழுத்தளவு தண்ணீரில் நின்று
ஒரு பாம்புத்தாராவை உலர்த்திக்கொண்டிருந்தது.

ஃபைன் லெக்கில் கூழைக்கடா ஏழு.
லாங் ஆனுக்கு அப்பால் யானை அகழி, பிறகு காடு,
பிறகு பர்கூர் மலை, பாதி மேகத்தில்.
அகழி தாண்டினால் ஆறு ரன், ஆளும் அவுட்,
பந்து வனத்துறைக்கு.
எங்கள் ஊர்ச் சட்டம்.

மதகின் திருகும் முனியப்பன் வேலும்
ஒரே கோட்டில் வந்தபோது
ஜாபர் பேட்டை மடியில் வைத்தான்.
படகு தானாகக் கொஞ்சம் போய் நின்றது.

"இங்கதான்."
"என்னது?"
"நான் அவுட்டாகாத இடம்."

பங்குனியில் நடந்தது.
வா என்று கூப்பிட்டுவிட்டுப் பாதியில் போ என்றவன் குருநாதன்.
திரும்பி ஓடியவன் ஜாபர்.
விரல் தூக்கிய அம்பயர், குருநாதனின் மச்சான்.
ஏழு மாதம் இருவரும் பேசிக்கொண்டார்கள்,
இதைத் தவிர எல்லாவற்றையும்.

கயிற்றில் கல் கட்டி விட்டோம். பதினோரு அடி.
சட்டையைக் கழற்றி என்மேல் எறிந்துவிட்டு
ஜாபர் குதித்தான். கிணற்றில் பழகிய குதி,
தண்ணீர் அதிகம் சிதறவில்லை.
வேலைப் பழக்கத்தில் நான் எண்ணத் தொடங்கினேன்.
முப்பது. முப்பத்தைந்து.
குருநாதன் எண்ணவில்லை. விளிம்பைப் பிடித்துக் குனிந்து
"அவுட் இல்லடா, மேல வாடா" என்று
தண்ணீரிடம் சொன்னான்.

நாற்பத்தொன்றில் ஜாபர் வந்தான்.
கை நிறையச் சேறு.
"கிரீஸ்" என்றான், மூச்சிரைக்க.
"பாரு, என்ற காலு உள்ளதான் இருந்துச்சு."
குருநாதன் சேற்றை இப்படியும் அப்படியும் பார்த்தான்.
"அவுட்தான்" என்றான்.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நோட்டில் இருக்கிறது: ஜாபர், ரன் அவுட், நாலு.
சத்தத்தை வைத்து எழுதியது.
அந்த நேரம் அகழிக் கரையில்
பட்டப்பகலில் ஒரு கடமான் ஏறி வந்து
வெடித்த ஏரியை முகர்ந்துகொண்டு நின்றது.
எதையோ நக்கியது. வெறும் மண்.
மைதானத்தில் எல்லோரும் ஸ்டம்பைப் பார்த்தார்கள்.
நான் திரும்பியபோது கைதட்டல் முடிந்திருந்தது.

"ஸ்கோரரைக் கேக்கக் கூடாது" என்றேன்,
"அம்பயரைக் கேளுங்க."
பேட்டை வாங்கிக்கொண்டு
அகழிப் பக்கமாகத் திருப்பினேன்.

சுறாவின் அடியில் எங்கோ கசிவு.
கணுக்கால்வரை தண்ணீர்.
குருநாதன் கையில் கிடைத்த துணியை
முக்கி முக்கிப் பிழிந்து வெளியே விட்டான்.
அது ஜாபரின் சட்டை.
கரை வரும்வரை யாரும் சொல்லவில்லை.