கையொப்பம்

பஸ் நானூற்றோராம் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்ப
மூன்றாம் வகுப்பு முழுக்கப் பூசணி மணம்.
ஹலோவீன் முடிந்து நாலு நாள்.
ஆளுக்கொன்று மடியில்,
கண்ணும் பல்லும் வெட்டியது, உள்ளே கொஞ்சம் பூஞ்சணம்.
பன்றிகளுக்காம்.

என் நித்திரை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.
விடிய ஆறரைக்கு வேலை விட்டு
குளித்து, இரண்டாம் தரமும் குளித்து
பள்ளிக்கூட வாசலுக்கு ஓடி வந்தேன்.
உதவிக்கு வரும் பெற்றோர் பட்டியலில்
என் பெயரைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள் அபிசனா.
தொழில் என்ற கட்டத்தில்: கோழி.
அவ்வளவுதான்.

போர்ட் பெரி தாண்டி ஒரு மண்பாதை.
டெல்ஃபின் என்ற பெண், ரப்பர் சப்பாத்து, தலைமுடியில் வைக்கோல்,
"இங்கே இருப்பவர்கள் ஒருவரும் இங்கே பிறக்கவில்லை" என்றாள்.
"நாங்களும்தான்" என்றான் ஒமாரி.
இருப்பவை அல்ல, இருப்பவர்கள்.
அவள் சொன்னது ஆங்கிலத்தில்.
என் தலை ஏன் அதை உயர்திணையில் பெயர்த்தது?

கண் தெரியாத குதிரை ஒன்று
ஆட்டின் கழுத்து மணிக்குப் பின்னால் நடந்து திரிந்தது.
பிஷப் என்ற பன்றி
பூசணி முகத்தை மூக்கிலிருந்து தின்னத் தொடங்கியது.
கடைசியாய்ச் சிரிப்பு மட்டும் மிஞ்ச
அதையும் தின்றது.
இதன் வயது என்ன, இது கடிக்குமா,
இதை யாராவது தேடி வருவார்களா.
கேள்விகளுக்குக் குறைவில்லை.

கோழிக் கொட்டிலில் கிளரிஸ்.
போமன்வில் பக்கம், ஓடும் லொறியிலிருந்து விழுந்தவள்.
"லொறி எங்கே போனது?" என்று கேட்டாள் ஜியாயி.
டெல்ஃபின் மூச்செடுத்தாள்.
நான் வைக்கோலைப் பார்த்தேன்.
எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
எந்த வாசலில் பின்பக்கமாய்த் திரும்பும் என்பதும் தெரியும்.

கிளரிஸ் சிறகடித்தாள். பிள்ளைகள் கத்திக்கொண்டு சிதறினார்கள்.
ரீச்சர் என்னைப் பார்த்தார்.
என் கை எனக்கு முன்னால் போய்விட்டது.

நிமிடத்துக்கு இருபத்துநாலு.
எட்டு மணித்தியாலம். ஏழு வருடம்.
பெருக்கிப் பார்த்ததில்லை.
கை காலைத்தான் தேடிப் போகும்.
பாதி வழியில் அதைத் திருப்பினேன்,
நெஞ்சுக்குக் கீழே ஏந்தினேன்.
அடங்கினாள்.

எங்கள் அறையில் நீல வெளிச்சம்.
நீலத்தில் அவை கலவரப்படாது என்பார்கள்.
ஏழு வருடத்தில்
ஒரு கோழியின் கண்ணைப் பகலில் பார்த்ததில்லை நான்.
செம்மஞ்சள்.
நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதற்குள் சின்னதாய்
தொப்பி போட்ட ஓர் ஆள்.

"உங்களுக்குப் பழக்கம் போல" என்றாள் டெல்ஃபின்.
"ஓம்."
என் மணிக்கட்டில் கட்டிய பட்டியைப் பார்த்தாள்,
வீங்கிய விரல் மூட்டைப் பார்த்தாள்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
தீனிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.
பிள்ளைகள் வரிசையில் வந்து தொட்டார்கள், ஒற்றை விரலால்.
அபிசனா கடைசியாய் வந்தாள். தொடவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரு தாள்.
இன்று நீ சந்தித்த ஒருவர் யார்?
அவருக்கு என்ன பிடிக்கும்?
பென்சிலை வாயில் வைத்துக் கனநேரம் யோசித்து
அபிசனா எழுதினாள்:
கிளரிஸ். அப்பாவின் கை.
அப்படியே தோளில் சரிந்து நித்திரையானாள்.

தாளின் அடியில் ஒரு கோடு, பெற்றோர் கையொப்பம்.
கை ஒப்புவதற்குத்தானே அந்தப் பெயர்.
ரீச்சர் தந்த பேனை குளிரில் உறைந்திருந்தது.
உதறினேன், வாய்க்காற்று ஊதினேன்.
தாளில் எழுதாத பேனை
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்க்க
எழுதியது.