நல்ல, தம்பி

பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
சஸ்கட்டூனில் ஆற்றின் மேல் ஆவி
போக இடமில்லாதது போல நிற்கிறது.
இரண்டாம் அவெனியூவில், பல் வைத்தியருக்கு மேல்மாடியில்,
ஐரோப்பாவின் ஒரு பல்கலைக்கழகத்தை
நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் சொல்ல ஒப்பந்தம் விடாது.
வயது ஐந்நூறுக்கு மேல். மணிக்கூண்டு உண்டு.
பத்தாண்டில் நாற்பத்தோராயிரம் கட்டுரைகள்.
எழுதியவர் யார், எடுத்தாண்டவர் யார்,
எடுத்தாண்டவரை எடுத்தாண்டவர் யார் என்று
மார்ச்சுக்குள் ஓர் எண் கொடுக்க வேண்டும்.
கூட்டுவதும் பெருக்குவதும்தான் வேலை.
தமிழில் சொன்னால் துப்புரவு.

இன்றைய பட்டியலில் நான்கு பேர்.

நல்லதம்பி, ப. சதுப்பு நிலத்து மீத்தேன். பதினேழு கட்டுரை.
பொற்கொடி, ந. அதே சதுப்பு. ஒன்பது.
(பொற்கொடியா போர்க்கொடியா,
ரோமன் எழுத்துக்கு இரண்டும் ஒன்று.)
வான் டென் ஹூவெல், ப. ந.
ஆறு. எல்லாம் 2008க்கும் 2012க்கும் நடுவில்.
பிறகு இவன்: நல்ல, தம்பி.
ஒரு பெயரை நடுவில் வெட்டி
இயந்திரம் பெற்ற பிள்ளை.
ஒரே கட்டுரை, நூற்றுத் தொண்ணூறு மேற்கோள்.
நால்வரில் இவன்தான் கெட்டிக்காரன்.

நால்வரும் அளந்தது ஏழாம் இலக்கக் கம்பத்தில்.
பம்பு திருத்தித் தந்ததற்கு
நால்வரும் நன்றி சொல்வது லோடெ என்ற ஒரே ஆளுக்கு.
2012க்குப் பின் மூன்று வருடம் ஒன்றுமில்லை.
பிறகு, மறுபடியும் ந.
இடையில் என்ன நடந்ததென்று எழுத
இங்கே நிரல் கிடையாது.
ஆனால் 2016இல் வந்த கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில்
அந்த மூன்று வருடத்து எண்களும் இருக்கின்றன,
ஒரு கிழமை விடாமல்.
அவள் போயிருக்கிறாள்.
பூட்ஸ் போட்டுக்கொண்டு, யாருக்கும் எழுதிக் காட்டாமல்,
கம்பத்தடிக்குப் போயிருக்கிறாள்.

நல்லதம்பி யாரென்று எனக்குத் தெரியாது.
தகப்பன் என்று மட்டும் தெரியும்.
சதுப்பில் கால் நனையாமல்
பதினேழு கட்டுரைக்கு ஆசிரியர்.
என் கழுத்து அட்டையிலும் அப்பாதான் தொங்குகிறார்.
பரராசசிங்கத்தை ஒக்சானா பாரா என்று வெட்டிக்கொண்டாள்.
ஏழு வருடமாகக் கூப்பிடுகிறாள்,
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

'இணை' என்பதை அழுத்தினேன்.
ஒருத்தி வந்தாள்.
ஹெச் சுட்டெண் பதினொன்றிலிருந்து பத்தொன்பது.
சூழலியல் வரிசையில் பல்கலைக்கழகம்
பதினான்கிலிருந்து பதின்மூன்று.
பதின்மூன்றில் இருந்தது எதுவோ ஒரு படி இறங்கியது;
அதற்கு அறிக்கை எழுத எவரும் காசு தரவில்லை.
அங்கே இப்போது நடுச்சாமம்.
அவளுக்குத் தெரியாது, மணிக்கூண்டுக்கும் தெரியாது.
சதுப்பு மட்டும், எவருடைய கணக்கிலுமில்லாமல்,
குமிழ் விட்டுக்கொண்டிருக்கும்.

தம்பி மட்டும் போக மறுத்தான்.
நீக்கக் காரணம் கேட்டது திரை.
இரட்டைப் பதிவு, மரணம், பிற.
எதையும் மனசுக்குள் தமிழில் வாசிக்கும் பழக்கம் எனக்கு,
கடைசிச் சொல்லில் விரல் நின்றுவிட்டது.
பிற என்றால் மற்றது.
பிற என்றால், பிறந்து வா.

அழுத்தினேன். விளக்கம் கேட்டது, நாற்பது எழுத்துக்குள்.
பிறக்காதவன் என்று தமிழிலேயே அடித்தேன்.
திரைக்கு எழுத்துத் தெரியவில்லை,
வரிசையாய் வெறும் கட்டங்கள் விழுந்தன.
ஏற்றுக்கொள்ளப்பட்டது, என்றது.

நூற்றுத் தொண்ணூறு பேரின் அடிக்குறிப்பில்
அவன் அச்சேறி இருக்கிறான்.
அங்கே என் விசைப்பலகை எட்டாது.
ஐந்தே காலுக்கு பஸ்.
கையுறையில் ஒன்றைக் காணோம்.
"பாரா," என்று கூப்பிட்டாள் ஒக்சானா,
"கீழே, பல் வைத்தியர் படியில் ஒன்று கிடக்கிறது,
உன்னுடையதா பார்."