தொண்ணூற்றெட்டு

படகுத்துறைக் கால்களுக்கு அடியில்
இடுப்பளவுத் தண்ணீர்.
கடல் முள்ளெலிகள் ஒன்றோடொன்று சாய்ந்து
கறுப்பு ஊசிகளை அசைத்துக்கொண்டிருக்கின்றன.
அந்த ஊசிக் காட்டுக்குள்
நின்ற இடத்திலேயே நிற்கின்றன
வெள்ளித் தாளில் வெட்டியெடுத்த மீன்கள்.

இரண்டு விரல் நீளம் இருந்தால் அதிகம்.
கண்ணை அழித்துக்கொண்டு இறங்கும் ஒரு கறுப்புக் கோடு,
உடம்பின் குறுக்கே இன்னும் இரண்டு.
துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி,
கைதவறிச் சுண்ணாம்பு தெறித்த மாதிரி.
வால், திறந்தபடி மறந்துபோன கத்தரிக்கோல்.

பங்காய்த் தீவுகளில்
அலை வராத இந்தப் பக்கம் பிறந்தவை.
எதிர்த்தீவு கண்ணுக்குத் தெரிகிறது.
நடுவில் ஆழம்.
ஒன்றும் போனதில்லை.
நான் போயிருக்கிறேன், டீசல் வாங்க.

என் வேலை எண்ணுவது.
ருஸ்மாலா குச்சியால் முட்களை ஒதுக்குவாள்.
மீன்கள் சிதறி ஓடாது,
முள்ளோடு முள்ளாய் நகரும்,
நேராக வலைக்குள்.
பாஹாருதினின் படகு வெள்ளிக்கிழமை வரும்.
எங்கோ ஒரு நாட்டில், யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கோ
நூறு நூறாகப் போகும்.

நேற்று ஒன்று, தாடை வீங்கி,
பல்வலிக்காரன் போல மூலையில் நின்றது.
வாளிக்கு ஏது மூலை?
இருந்தும் அப்படித்தான் நின்றது.
"ஆண்," என்றாள்.
"வாய் நிறைய முட்டை.
பொரிந்த பிறகும் துப்பாது,
குஞ்சுகளை உள்ளேயே வைத்திருக்கும்.
அதுவரை தின்னாது."
நோன்பின் பதினேழாம் நாள்.
அவள் உதடு வெடித்திருந்தது.
என்னுடையதும்.

மீன் வாயைத் திறந்தது.
வெந்த ஜவ்வரிசி போல ஒரு கொத்து,
ஆரஞ்சு நிறம்,
ஒன்றை ஒன்று விடாமல்
வாளியின் அடிக்குப் போயிற்று.
ஒவ்வொரு மணியிலும் இரண்டு கண்.

உள்ளங்கையில் அள்ளி
அதன் வாயருகே கொண்டுபோனாள்.
வாங்கவில்லை.
மறுபடி கொண்டுபோனாள்.
பஞ்சாயத்துக்கு வந்தவள் போல
மெல்ல ஏதோ சொன்னாள் அதனிடம்.

நான் தொண்ணூற்றேழில் இருந்தேன்.
தொண்ணூற்றெட்டு என்றேன்,
கடலைப் பார்த்துக்கொண்டு.

குவளையால் மொள்ளும் சத்தம்.
துறைக்கு அடியில் கவிழ்க்கும் சத்தம்.
முட்கள் அசைந்தன.
அவை எப்போதும்தான் அசைகின்றன,
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
வாங்கிக்கொண்டதா என்று நான் கேட்கவில்லை.
கையைச் சேலாய் குவித்தபடியே
அவள் கரையேறினாள்.

ஏட்டில் நூறு என்று எழுதியிருக்கிறேன்.
பாஹாருதின் மறுபடி எண்ணுவார்,
எப்போதும் எண்ணுவார்.

எண்ணட்டும்.