கை தாங்குகிற வேகம்

அப்புத்தளைக்கு மேலே, ஹோட்டலாகிவிட்ட வங்களா.
அதன் வடக்குச் சுவருக்கு
யூக்கலிப்டஸ் மரங்கள் வெயிலை விடுவதில்லை.
பனி வந்து சாய்ந்து சாய்ந்து
பச்சை ஏறிக்கிடந்தது,
சன்னல் விளிம்புகளில் கறுப்பு.
வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்களாம்.
மனேஜர் விஜேகோன் சொன்னார்:
“அடிச்சு விடுங்க.”

அடித்தோம்.
டெரன்ஸ் நூற்றைம்பதில் வைத்தான்.
ஊசி மாதிரி ஒரு தண்ணீர்.
பாசி போனது, பொய் சொல்லக்கூடாது.
பாசியோடு சுண்ணாம்பும் போனது,
சுண்ணாம்போடு உள்ளங்கை அகலத்துக்குச் சாந்தும்.
உள்ளே செங்கல்
உரிந்த முழங்காலாய்ச் சிவந்து நின்றது.
மெசினை நிறுத்தியபிறகும்
காதுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது.
“மெசின் நல்ல மெசின்தான், அக்கா” என்றான்.

நல்ல மெசின்தான்.
தவணை இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

முனையைக் கழற்றி
வாய் அகன்றதை மாட்டினேன்.
நாற்பதுக்கு இறக்கினேன்.
லொறியிலிருந்து தடித்த பைப் வந்தது,
மெல்லியது சுருண்டு படுத்தது.
சோப்புக் கரைசலைக் கீழிருந்து மேலே பூசிவிட்டு
ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் காத்திருந்தோம்.
பிடியை விடலாமா என்று
பாசியும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

பிறகு தண்ணீர்.
குத்தாத தண்ணீர், நிறைய.
நடுவில் கையை நீட்டினேன்.
கை தாங்கியது.
கை தாங்கினால் சுவரும் தாங்கும்,
மீட்டரில் இல்லாத கணக்கு இது.
பச்சை வழுகி வழுகி
கானுக்குள் இறங்கிற்று,
யாரும் துரத்தாத மாதிரி.
டெரன்ஸ் விசிலடித்தான்.

பதினொரு மணிக்கு
கீழ் லயத்திலிருந்து தவமலர் ஏறி வந்தாள்.
கையில் வெறும் வாளி.
“பீலி நூலாப் போச்சு.
மேல என்ன நடக்குது?”
சுவரைப் பார்த்தாள். பைப்பைப் பார்த்தாள்.
“சுவருக்கு நோகாம குளிப்பாட்டுறீங்க,
சரி.
எங்க உலைக்கு?”

பலமாக அடித்தால் கொஞ்சத் தண்ணீர் போதும்.
மெதுவாக என்றால் அதிகம் வேண்டும்.
அதுவரைக்கும்தான் படித்திருந்தேன்.
அந்த அதிகம்
யார் வீட்டு வாளியிலிருந்து வரும் என்பதை
மெசினோடு வந்த தாளில் எழுதியிருக்கவில்லை.

நிறுத்தினேன்.
“வெள்ளிக்கிழமை” என்றார் விஜேகோன்.
“ஐப்பசி மாசம் ஐயா” என்றேன் நான்,
அதுவே பதில் என்பதுபோல.
அவர் வானத்தைப் பார்த்தார். நீலமாக இருந்தது, சனியன்.

தகரக்கூரையின் பீலியைக் கழற்றித் திருப்பி
இரண்டு கறுப்புத் தாங்கிகளின் வாயில் விட்டோம்.
இலை அடைக்காமலிருக்க
டெரன்ஸ் தன் பழைய பெனியனைக் கட்டினான்.
இரண்டு மணி. ஒன்றுமில்லை.
இரண்டே முக்காலுக்குப் பள்ளத்தாக்கு
முதலில் மறைந்தது, பிறகு சத்தமிட்டது.

மழையில் நனைந்துகொண்டே
சுவர் கழுவும் இரண்டு பைத்தியங்களைச்
சமையற்கட்டுப் பையன்கள் வாசலில் கூடிப் பார்த்தார்கள்.
ஒருவன் போனில் படமும் எடுத்தான்.
எடுக்கட்டும்.
தாங்கி நிரம்பி வழிந்தது,
கீழே பீலிக்கரையில் வாளிகள்
வழக்கம்போல் மோதிக்கொள்ளும் சத்தம்.

வியாழன் மாலை பில் எழுதினேன்.
சாந்து பூசக் கழிவு என்று
விஜேகோன் மூவாயிரம் குறைத்தார்,
அது நியாயம்.
செங்கல் தெரிந்த இடத்தை மறைக்க
ஒரு பன்னச்செடித் தொட்டியைத் தொங்கவிட்டிருந்தார்.
தண்ணீர் என்ற வரிக்கு நேரே
என்ன போடுவதென்று தெரியாமல்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
தொட்டியிலிருந்து சொட்டிய ஈரம்
புதுச் சுவரில்
இப்போதே ஒரு கோடு போட்டிருந்தது.