எட்டெழுத்துக்குக் குறையாமல்

மூன்று மாதம் எழுதிக் கொடுத்து அலைந்த பிறகு
வித்தியாலயம் வீதிக்குப் பின்னால், எங்கள் ஒழுங்கைக்குள்
ஏணி கட்டிய வான் வந்தது. வெள்ளிக்கிழமை.
ஜும்ஆவுக்கு முன்னம் முடிக்கிற அவசரத்தோடு.

கிண்ணியாக்காரன். றிம்ஸான் என்று பெயர்ப்பட்டி.
கூட வந்த கந்தளாய்ப் பெடியன் போஸ்ட்டில் ஏறினான்.
அதே போஸ்ட்டில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்த மான்
ஒரு முழம் தள்ளிப்போய் நின்று பார்த்தது.

பிலோமினா அக்காவின் முருங்கைக்கு மேலால்
வயர் போக வேண்டும்.
மதில் கட்டிய நாளிலிருந்து பேச்சில்லை எங்களுக்குள்.
றிம்ஸான்தான் போய்க் கேட்டான்.
"மரத்தில முட்டாமப் போனாச் சரி."
பிறகு மதிலுக்கு மேலால் தேத்தண்ணி வந்தது,
எண்ணி இரண்டு கப்.

கறுப்புத் தோலை உரித்தான். வெள்ளைத் தோலை உரித்தான்.
உள்ளே, மயிரைவிட மெல்லிசாய்,
கண்ணாடி.
"மடிக்கப்படாது மிஸ். வளைக்கலாம்,
ஒரு ரொட்டி அளவு வட்டத்துக்கு."
வெட்டிய துணுக்குகளை டேப்பில் ஒற்றி ஒற்றி எடுத்தான்.
காலில் ஏறினால் தெரியாதாம்.
தேடினாலும் அகப்படாதாம்.

பேனா போல ஒன்றை முனையில் செருகி அழுத்தினான்.
"எங்க உடைஞ்சிருக்கோ, அங்க சிவப்புக் கசியும்."
முருங்கையிலிருந்து கூரை விளிம்புவரை
நானும் அண்ணாந்து பார்த்தேன்.
எங்கும் கசியவில்லை.

மீற்றரில் மைனஸ் பத்தொன்பது.
"குறைவா?"
"நல்ல அளவு. இதுக்குக் கீழயும் நிறையப் பேர் ஓடுறாங்க."

பிறகு, போனைப் பார்த்தபடி,
"பாஸ்வேர்ட் சொல்லுங்க. எட்டெழுத்துக்குக் குறையாம."
தவநேசன் கச்சேரியில். பிள்ளைகள் பள்ளியில்.
பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்,
அவன் தொழுகைக்குப் போக வேண்டும்.
யோசிக்க நேரமிருந்திருந்தால்
மகளின் பெயரும் பிறந்த ஆண்டும் சொல்லியிருப்பேன்,
எல்லாரையும் போல.

வாய் அதைச் சொல்லிவிட்டது.
"ஸ்பெல்லிங்?"
சொன்னேன், ஒவ்வொரு எழுத்தாய். பத்து வந்தது.
இந்த வீட்டுக்கு வாழ வந்த பதினேழு வருடத்தில்
அரிசி களைகிறபோதுகூட
முணுமுணுத்திராத சொல்.
ஒரு சிட்டையில் எழுதி
ரவுட்டரின் முதுகில் ஒட்டிவிட்டுப் போனான்.

கடவுச்சீட்டு ஒன்று எடுத்தேன் முன்னொருகால்.
எங்கும் போகாமல் அலுமாரிக்குள்ளேயே காலாவதியானது.
இது கடவுச்சொல்.
வீடு முழுக்க இதனூடாகக் கடந்து போகிறது.

இரவு தவநேசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சிட்டையைப் பார்த்துப் பார்த்து
ஒரு விரலால் அடிக்கிறார், வாய்விட்டு.
பிழைக்கிறது. மறுபடியும் வாய்விட்டு.
"கடைசியில ஒரு என்னா, ரெண்டா?"
"ரெண்டு."
கீர்த்திகன் குளியலறையிலிருந்து கத்திக் கேட்கிறான்.
மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெறோம், ஓஎல் எடுக்கிற பெடியன்:
"அன்ரி, எனக்கும் தருவீங்களா?
அம்மாட்டச் சொல்ல வேணாம்."
கொடுத்தேன். மூன்று முறை சொல்லிப் பாடமாக்கினான்,
இருட்டுக்குள், முருங்கைக்குக் கீழே நின்று.

அக்சயா மட்டும்தான் கேட்டாள்.
"இதென்னம்மா பேர்?"
"ஒரு வள்ளத்தின்ர பேர்."
பொய்யில்லை. மனையாவெளிக் கரையில்
நீல அணியத்தில் வெள்ளைப் பெயின்ற்றால்
அதை எழுதியதே நான்தான்.
கடைசி எழுத்து இடம் போதாமல் சிறுத்துப்போனது.
யாருடைய வள்ளம் என்று அவள் கேட்கவில்லை.
வீடியோ சுற்றாமல் ஓடியது,
அதற்குள் போய்விட்டாள்.

லைற்றை அணைத்த பிறகு
சுவரில் நான்கு பச்சைப் புள்ளிகள்.
ஐந்தாவது எரியக் கூடாது,
சிவப்பாய் எரிந்தால் கோல் பண்ணுங்கள்
என்றுவிட்டுப் போயிருந்தான்.
எரிகிறதா என்று பார்க்க
இரண்டு தரம் எழும்பினேன்.