ஒருக்காதான் உடுத்தியது

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள்
போன் ஊமையாகிவிடும்.
முந்தின ராத்திரி வரை
'இருக்கா?' 'இருக்கா?' என்று
கோழி மாதிரிக் கொத்தியவர்கள்,
முதல் விலையைக் கேளாமலே
'கடைசி விலை சொல்லுங்க' என்றவர்கள்
எல்லோரும் வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டார்கள்.

அங்கே ஆறு மாடிக்கும் சீரியல் விளக்கு.
பழைய மிக்சியைக் கொடுத்தால்
புதுசில் ஐந்நூறு தள்ளுபடியாம்.
என்னிடம் வர வேண்டிய மிக்சியும்
அந்த வழியே போகிறது.

சமாதானபுரத்தில் என் பின்னறை.
குழந்தை வளர்ந்துவிட்ட மூன்று வாக்கர்.
ஒரு பக்கம் மட்டும் பாடும் ஸ்பீக்கர்.
முகூர்த்தத்தன்று மட்டும் கட்டிய பட்டு, பதினொன்று.
முதல் இருபது பக்கம் வரை
சிவப்பில் கோடு போட்ட நீட் கைடுகள்,
இருபத்தொன்றாம் பக்கத்தில் அந்தப் பையனுக்கு
என்ன ஆனதோ.
மழை விழுந்தால் சுவர் வியர்க்கும்.
பட்டுக்குள் பேப்பர் மாற்றி மாற்றி வைக்கிறேன்.

தீபாவளிக்கு யாரும் பழசு வாங்கமாட்டார்கள்.
கிறிஸ்துமசுக்கு எங்கள் ஆட்களே வாங்கமாட்டார்கள்.
ஆனியில் என்னிடம் எடுத்த சேலையில்
வாராவாரம் கோயிலுக்கு வரும் ரோஸ்லின் மதினி
அன்றைக்கு மட்டும் அதைக் கட்டமாட்டாள்.
பிறகு புது வருசம். பிறகு பொங்கல்.
செவ்வாய்க்கிழமை குழுக் கடன் தவணைக்கு மட்டும்
பண்டிகை எதுவும் கிடையாது.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்க
ராத்திரி பதினொன்றே காலுக்கு ஒரு மெசேஜ்.
கயத்தாறு. பேச்சித்தாய்.
'அந்த மயில்கழுத்துக் கலர் பாவாட சட்ட
ஏழு வயசுப் பிள்ளைக்குச் சேருமா?'
சேரும் என்றேன்.
விலையைக் குறைக்கச் சொல்லவில்லை அவள்.
கேட்டது வேறு:
'பழசுன்னு தெரியாம அனுப்புவியளாக்கா?
பிள்ள மொதல்ல கவரத்தான் பாப்பா.'

எட்டு வருசத்தில்
மறைத்து விற்றதில்லை நான்.
தையல் விட்டிருந்தால்
விட்டிருக்கிறது என்று எழுதுவேன்.
கறை இருந்தால்
பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துப் படம் எடுப்பேன்,
அளவு தெரியட்டும் என்று.

இரண்டு தரம் இஸ்திரி போட்டேன்.
துருவேறிய கொக்கியை மாற்றினேன்.
நாலாம் மாடிச் சுடிதார் பிரிவில்
பத்து மணி நேரம் நிற்கிற
எதிர்வீட்டு முத்துலெட்சுமியிடம்
காலிக் கவர் ஒன்று கேட்டேன்.
'கேமரா பாக்கும்லா, எஸ்தர்க்கா' என்று சொல்லிவிட்டு
மறுநாள் இரண்டு கொண்டுவந்தாள்.
'வெலச்சீட்டும் வேணுமா?'
வேண்டாம் என்றேன்.
அதுவரைக்கும் போக மனசு வரவில்லை.

கூரியர் ஆபீசில் செல்லப்பா
தலைக்கு மேல் அடுக்கிய புதுப் பெட்டிகளுக்குள்ளிருந்து
கையை மட்டும் நீட்டினான்.
'என்னக்கா, ஒண்ணே ஒண்ணுதானா?'
'ஒண்ணுதாம்லே. நனையாமப் போவணும்.'

போய்ச் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
குறுக்குத்துறை முருகன்
தண்ணீருக்குள் நின்ற வாரம்
ஒரு வாக்கர் போயிற்று, பாதி விலைக்கு.
கார்த்திகை, மார்கழிக் கணக்கு நோட்டில்
அது ஒன்றுதான் வரவு.

வெள்ளையடிக்க ஒதுக்கிய சாமானெல்லாம்
திரும்ப வீட்டுக்குள் நுழைய இடமில்லாமல் நின்ற
தை பிறந்த பத்தாம் நாள்
போனுக்கு வாய் வந்துவிட்டது.
கட்டில் இருக்கு, கிரைண்டர் இருக்கு,
சைக்கிள் இருக்கு, சீட் மட்டும் இல்லை.
எடுத்துக்கிடுதியளா, எடுத்துக்கிடுதியளா.
அந்தக் கூட்டத்துக்கு நடுவில்
கயத்தாறு.

மயில்கழுத்துக் கலர்.
கொக்கி வரிசையில் ஒன்று மட்டும்
மற்றதைவிடப் பளபளப்பு.
'ஒருக்காதான் உடுத்தியது.'
கழுத்தோரம், தீபாவளியன்று வைத்த மஞ்சள்,
துவைத்தும் போகாமல்.
அதன் பக்கத்தில்
ஒரு ரூபாய்க் காசு.

கீழே இன்னொரு வரி வந்தது:
'கூரியருக்கு நாந்தான் குடுக்கணுமாக்கா?'