நாலு துளை

ஒரு பெட்டிக்கு நாலு துளை.
ஆறு வருஷம் இதைத்தான் செய்தேன்,
ஆர்னோ ஆற்றின் தென்கரைச் சந்துகளில்,
ஐந்நூறு வருஷத்துக் கல்லில்.
கல் முனகும்.
வீட்டுக்காரர்கள் முனகியதில்லை.
சாவிப் பெட்டி மாட்டக் கூலி முப்பது யூரோ.

போன மாதம் நகராட்சியின் தாள் வந்தது.
பழைய நகரத்துக்குள் வாசலிலோ கம்பியிலோ
பெட்டி தொங்கக் கூடாது.
வந்து தங்குகிறவர் முகத்தை
ஒரு மனிதர் நேரில் பார்த்துச் சாவி தரவேண்டும்.
பத்து நாள் கெடு, பிறகு அபராதம்.
வீட்டின் பதிவெண் மட்டும்
தெருவுக்குத் தெரியும்படி இருக்கவேண்டும்.

கழற்றக் கூலி நாற்பது.
ஏன் அதிகம் என்று கேட்டவர் ஒருவர்தான்,
வழக்கறிஞர் பந்தினெல்லி.
'எவ்வளவு ஆழம் என்று போட்டவனுக்குத்தானே தெரியும்' என்றேன்.
எண்ணிக் கொடுத்தார்.

எண் மறந்துபோன பெட்டிகள்தான் தொல்லை.
அறுத்துத் திறந்தால்
ஒன்றில் சாவியோடு ஒரு பால் பல்.
ஒன்றில் கொரிய எழுத்தில் ஒரு சீட்டு,
நன்றியாகவும் இருக்கலாம், புகாராகவும் இருக்கலாம்.
ஒன்றில் எறும்புகள் குடியிருந்தன,
பதிவெண் இல்லாமல்.

சட்டம் நியாயம்தான்.
நான் பிறந்த சந்தில் ஒரே இரும்புக் கதவில்
பத்தொன்பது பெட்டி.
அழைப்பு மணிப் பலகையில் மிஞ்சிய பெயர் இரண்டு,
அதில் ஒருவர் செத்து மூன்று வருஷம்.
பத்தொன்பதையும் மாட்டியது நான்.
கோபப்பட வாய் திறந்தால்
இரும்புத்தூள் நாக்கில் படுகிறது.

ஃபோஸ்காவுக்கு இருப்பது ஒரே அறை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
காலை ஆறுக்குள் கைரேகை வைக்கவேண்டும்.
'விமானம் தாமதமானால்?' என்றாள்.
'காத்திருக்கவேண்டியதுதான்.'
'சட்டம் எழுதினவர் எத்தனை மணிக்குத் தூங்குவார்?'
நான் பூட்டுக்காரன்,
இதற்கெல்லாம் என்னிடம் சாவி இல்லை.
அவளுக்கு இலவசமாகக் கழற்றினேன் என்று எழுத ஆசைதான்.
முப்பத்தைந்து வாங்கினேன்.

நாற்பத்தொரு வீட்டுக்குச் சொந்தக்காரர்
மிலான் நகரத்தில் இருக்கிறார்.
நான் அறிந்தது அவர் குரலை மட்டும்.
'எல்லாவற்றையும் எடுத்துவிடு, லொரியானோ.
ஆள் போட்டாயிற்று.'

ஆளின் பெயர் எலியோ.
கட்டடக்கலை படிக்கிறான்.
சதுக்கத்துக் காபிக்கடை ஓரம் நிற்கிறான்,
கழுத்துப் பட்டையில் நாற்பத்தொரு சாவி,
அசைந்தால் சில்லறை கொட்டுகிற சத்தம்.
வருகிறவர் முகத்தைப் பார்க்கிறான்,
கடவுச்சீட்டைப் பார்க்கிறான்,
சாவி கொடுக்கிறான், கூப்பிய உள்ளங்கையில் ஊதிக்கொள்கிறான்.
சட்டம் கேட்டது ஒரு மனிதரை.
அவன் மனிதர்தான்.

'எங்கே தங்கியிருக்கிறாய்?'
'பிராட்டோ. கடைசி ரயிலில் போவேன்.
ஓர் அறையில் மூன்று பேர்.'
கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்:
'சாவி இரண்டுதான். இன்றைக்கு என்னிடம் இல்லை.'

பதிவெண் தகடு மாட்டவும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.
பழைய துளை பொருந்தவில்லை,
இடைவெளி வேறு.
பக்கத்தில் புதிதாகத் துளைக்கிறேன்.

ஞாயிறு இரவு ஒன்று பத்து.
குளியலறையில் மாட்டிக்கொண்ட ஒருவரை
வெளியே எடுத்துவிட்டுத் திரும்புகிறேன்.
வாசற்படியில் ஃபோஸ்கா,
இரவு உடைமேல் குளிர்கோட்டு,
மடியில் சாவி.
சக்கரப்பெட்டி கற்களில் தடதடக்கத்
தொலைவில் இரண்டு பெண்கள்.
கடவுச்சீட்டைத் தெருவிளக்குக்குக் காட்டிப் பார்த்தாள்,
முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தை.
'முடியை வெட்டிவிட்டேன்' என்றாள் ஒருத்தி
உடைந்த இத்தாலியில்.
'நன்றாகத்தான் இருக்கிறது' என்றாள் ஃபோஸ்கா.
ஆறு வருஷத்தில்
அவள் பார்த்த முதல் விருந்தாளி.

அவர்கள் மாடி ஏறினார்கள்.
அவள் எழுந்து கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.
'நாளைக்கு வந்து அந்த நாலு துளையை அடைத்துவிடு.
காற்று வருகிறது.'

இரண்டடித் தடிமன் சுவர்.
இரண்டு விரற்கடை ஆழத் துளை.
வராது என்று சொல்லவந்தேன்.
கையை வைத்துப் பார்த்தேன்.